தாம்பரம், 1938: இளைஞருக்குக் கிடைத்த இருக்கை

குன்றத்தூரிலிருந்து பல்லாவரம் வழியாகத் தினமும் தாம்பரம் போய்வரும் மாணவர்களில் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. 1938 டிசம்பர் 12 முதல் 29 வரை சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் ஏறத்தாழ எழுபது நாடுகளிலிருந்து வந்த சுமார் 470 பேர் கூடி விவாதித்தார்கள். சர்வதேச மிஷனரிக் கவுன்சிலின் மாநாடு அது. சீனாவின் ஹாங்சோ நகரில் நடப்பதாக இருந்தது. ஜப்பான் போர் தொடுத்ததால் தாம்பரத்துக்கு மாறியது. ஜார்ஜ் டவுனை விட்டுக் கல்லூரி இங்கே வந்தே அப்போது ஏறக்குறைய இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

இந்த மாநாட்டின் சிறப்பு வந்தவர்களின் எண்ணிக்கையில் இல்லை, யார் வந்தார்கள் என்பதில் இருக்கிறது.

1910இல் எடின்பரோவில் நடந்த இதேபோன்ற மாநாட்டுக்குச் சுமார் 1,200 பேர் வந்தார்கள். அவர்களில் ஆசியர்கள் இருபது பேர்கூட இல்லை. அந்தச் சிலரில் ஒருவர் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, இருபது வயதையொட்டி ஒய்.எம்.சி.ஏ. ஊழியராகி ஊர் ஊராகச் சுற்றியவர். எடின்பரோ போனபோது அவருக்கு வயது 35. வெள்ளைக்கார மிஷனரிகள் இந்தியருக்காக உழைக்கிறார்கள், ஆனால் சமமாக நடத்துவதில்லை, எங்களுக்கு வேண்டியது நட்பு என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அரங்கில் பலருக்குக் கோபம் வந்தது. இரண்டே ஆண்டுகளில் அசரியா ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

28 ஆண்டுகள் கழித்துத் தாம்பரத்தில் கூடியவர்களில் பாதிக்குமேல் ஆசியா, ஆப்பிரிக்கா போன்ற பகுதிகளின் இளைய சபைகளைச் சேர்ந்தவர்கள். யாழ்ப்பாணத்துத் தமிழரான டேனியல் தம்பிராஜா நைல்ஸ் அவர்களில் ஒருவர், வயது 30. பெங்களூரில் இறையியல் படித்தவர், மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வளர்ந்தவர். தலைமை வகித்த ஜான் மாட்டும் மாணவத் தொண்டராகத் தொடங்கியவர்தான். 1886இல், 21 வயதில், அமெரிக்காவின் மாணவத் தொண்டர் இயக்கம் உருவான முகாமிலேயே பெயர் கொடுத்தவர். முப்பது வயதில் உலக மாணவர் கிறிஸ்தவ சம்மேளனத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர்.

1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் பிறந்தபோது, தொடக்க வழிபாட்டில் இருவர் பேசினார்கள்: 83 வயது மாட், 40 வயது நைல்ஸ். அடுத்து அந்த மன்றத்தின் இளைஞர் துறைத் தலைமை நைல்ஸ் கைக்கு வந்தது. திருவனந்தபுரத்தில் தெருவோரச் சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய எம். எம். தாமஸ் 1947இல் ஜெனீவாவில் மாணவர் சம்மேளனத்தின் செயலர்களில் ஒருவரானார். 1968இல் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்கே தலைவர்.

இவர்களெல்லாம் ஒரு நாள் மேடையில் பேசிவிட்டு ஊர் திரும்பியவர்கள் அல்லர். பொறுப்பும் பதவியும் முடிவெடுக்கும் குழுவில் இடமும் கிடைத்ததால்தான், அவர்கள் சொன்னது அமைப்பின் போக்கை மாற்றியது.

இன்று மேடைகளுக்குப் பஞ்சமில்லை. 2021இல் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் துணிந்து பேசினார். பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அங்கே ஓட்டுப் போடும் உரிமை அரசுகளுக்கு மட்டுமே. செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு இதில் ஒரு படி மேலே நிற்கிறது: அதன் இளைஞர் ஆணையத் தலைவருக்கு ஆட்சிக்குழுவிலேயே இடம் உண்டு. ஐ.நா. மெதுவாகத்தான் நகர்ந்தது. இலங்கையின் இளைஞர் பாராளுமன்றப் பணிகளில் பங்கெடுத்த ஜயத்மா விக்ரமநாயக்க 2017இல், 26 வயதில், பொதுச்செயலாளரின் இளைஞர் தூதரானார். மறு ஆண்டு ஐ.நா.வின் இளைஞர் உத்தி வெளியானது. 2022இல் இளைஞர் விவகாரத்துக்கென்றே தனி அலுவலகம் அமைக்கப் பொதுச்சபை தீர்மானித்தது.

மீண்டும் தாம்பரம் பக்கமே வருவோம். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. எந்தத் தெருவில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார் என்பதெல்லாம் அந்தந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் அத்துப்படி. அந்த அறிவு சோற்றுப் பொட்டலம் கொடுப்பதோடு நின்றுவிடக் கூடாது. கல்லூரி இளைஞர் செஞ்சிலுவைப் பிரிவிலிருந்து மாவட்டக் கிளைக்கும் மாநிலக் கிளைக்கும் அங்கிருந்து டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும் அது ஏற வேண்டும். அதற்கான ஏணி இருக்கிறது. சான்றிதழுக்காகப் பெயர் கொடுக்கும் மாணவர், திட்டம் போடும் கூட்டத்தில் தொண்டர்களுக்கு இடம் உண்டா, அங்கே ஓட்டு உண்டா என்று முதல் நாளே பொறுப்பாளரிடம் கேட்டுவிடலாம்.