ஆஸ்திரேலிஸ் ஆஸ்கார் 5
மாணவர் கட்டிய அமெச்சூர் வானொலிச் செயற்கைக்கோள் (மாதிரி)

வடிவமைப்பு: மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள், ஆஸ்திரேலியா, 1966–67
ஏவிய நாள்: 23 ஜனவரி 1970
ஏவிய இடம்: வாண்டன்பெர்க், கலிஃபோர்னியா
எடை: 17.7 கிலோ

பெட்டியிலிருந்து நீளும் மெல்லிய எஃகுப் பட்டைகளைப் பாருங்கள். இவையே செயற்கைக்கோளின் ஆன்டெனாக்கள். தச்சர்கள் பயன்படுத்தும் எஃகு அளவு நாடாவை வெட்டி மாணவர்கள் இவற்றைச் செய்தனர். ராக்கெட்டில் மடித்து வைத்தால் அடங்கும். விடுபட்டதும் தானே நிமிரும்.

இதில் சூரியத் தகடுகள் இல்லை. மின்சாரம் முழுவதும் பேட்டரிகளிலிருந்தே வந்தது. பெட்டிக்குள் வைத்த காந்தம் பூமியின் காந்தப்புலத்தோடு ஒத்துத் திரும்பி, செயற்கைக்கோள் கண்டபடி சுழலாமல் காத்தது.

இது 144.05, 29.45 மெகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் ஒலித்தது. முதலில் மோர்ஸ் குறியீட்டில் ‘ஹாய்’ என்னும் வணக்கம்: நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. அதைத் தொடர்ந்து வெப்பநிலை, பேட்டரி நிலை போன்றவற்றைக் காட்டும் ஒலிகள். ஒலியின் சுருதியை அளந்தே அந்த மதிப்புகளைக் கணக்கிட்டனர். பல நாடுகளின் அமெச்சூர் வானொலியாளர்கள் தம் வீட்டுக் கருவிகளில் இதைக் கேட்டுக் குறித்து அனுப்பினர்.

தரையிலிருந்து கட்டளை அனுப்பி ஒலிபரப்பை இயக்கவும் நிறுத்தவும் முடிந்த முதல் அமெச்சூர் செயற்கைக்கோள் இதுவே. பேட்டரியைச் சேமிக்க அந்த வசதி உதவியது. சில வாரங்களில் மின்சாரம் தீர்ந்து குரல் அடங்கியது. கடையில் கிடைத்த பொருளும் பொறுமையான உழைப்பும் விண்வெளியை எட்டும் என்பதற்கு இது நிலையான சான்று.