உடலைத் திறவாமல் உள்ளே காட்டும் ஒளி

மழைக்கால இரவுகளில் வேலியோரம் மின்னும் மின்மினிப் பூச்சியைச் சிறுவயதில் கைக்குள் பொத்திப் பார்க்காதவர் நம்மில் குறைவு. அந்தச் சிறு ஒளி, ஆய்வுக்கூட எலிகள் பல கொல்லப்படாமலிருக்க உதவுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

மரபணு வழியே மருத்துவம் தேடும் ஆய்வாளர்கள், புதிய மரபணு ஒன்றை எலியின் உடலில் செலுத்துகின்றனர். அது எந்த உறுப்பில் செயல்படுகிறது, எத்தனை நாள் செயல்படுகிறது என்று அறிய, முன்பெல்லாம் ஒவ்வொரு கட்டத்திலும் சில எலிகளைக் கொன்று திசுக்களைச் சோதித்தனர். கட்டத்திற்கு 10 எலிகள் என்றால், 5 கட்டங்களுக்கு 50 உயிர்கள்.

மின்மினியின் ஒளிக்குக் காரணம் லூசிஃபெரேஸ் என்ற நொதி. அதன் மரபணுவை 1985ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தனர். செலுத்தப்படும் மரபணுவோடு இதையும் இணைத்துவிட்டால், அது செயல்படும் இடத்தில் இந்த நொதியும் உருவாகும். பின்னர் எலிக்கு லூசிஃபெரின் என்ற பொருளை ஊசியால் செலுத்தி, மயக்க மருந்து கொடுத்து, இருட்டுப் பெட்டியில் வைக்கின்றனர். உயிர்வளியும், உயிரணுவிலுள்ள ஏடிபி என்ற ஆற்றல் பொருளும் சேர, நொதி லூசிஃபெரினை ஒளிரச் செய்கிறது. நம் கண்ணுக்கு எட்டாத அந்த மங்கிய ஒளியைக் குளிரூட்டப்பட்ட கேமரா பதிவு செய்கிறது. மயக்கம் தெளிந்ததும் எலி கூண்டுக்குத் திரும்புகிறது. அதே 10 எலிகளை அடுத்தடுத்த வாரங்களிலும் பார்க்கலாம். ஒரே எலியின் நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவதால் முடிவும் தெளிவாகிறது.

இவ்வழிக்கு முன்னோடியாக, 1995ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் கான்டாக் குழுவினர், ஒளிரும் பாக்டீரியாவின் மரபணுக்களைச் சால்மோனெல்லா கிருமியில் சேர்த்தனர். எலிக்குள் அக்கிருமி இருக்கும் இடத்தையும், மருந்து கொடுத்ததும் ஒளி குறைவதையும் வெளியிலிருந்தே கண்டனர்.

எனினும் இதற்கும் எல்லை உண்டு. இரத்தமும் திசுக்களும் ஒளியை விழுங்குவதால், ஆழத்திலிருந்து வருவது மங்கிவிடும். எனவே, கண்டதை உறுதிசெய்ய, ஆய்வின் முடிவில் பெரும்பாலும் எலிகள் கொல்லப்படவே செய்கின்றன.

ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிஞர்கள், 1959ஆம் ஆண்டிலேயே மூன்று வழிகளை முன்வைத்தனர்: விலங்குக்கு மாற்றுத் தேடுங்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள், வேதனையைத் தணியுங்கள். மின்மினி ஒளி பின்னிரண்டுக்கும் துணை நிற்கிறது. முதலாவது இன்னும் நம்முன் நிற்கிறது. நாம் விழுங்கும் மாத்திரைக்குப் பின்னால் பேச இயலாத உயிர்கள் இருப்பதை அறிந்த நாம், குறைத்தது போதுமென்று நின்றுவிடலாமா?