முன் ஃபோர்க் கசிகிறதா?

பால் கேனும் உர மூட்டையும் ஏற்றி மண் பாதையில் ஓடும் பைக்கில், முன் ஃபோர்க்குக்கும் அடி அதிகம். சேறும் தூசியும் குழாயில் ஒட்டி ஆயில் சீலைத் தேய்த்துவிடும். ஆயில் கசிந்தால் குழியில் இறங்கும் வண்டி துள்ளும், ஹேண்டில் கைக்கு அடங்காது. கசிவு டிஸ்க்கில் பட்டால் பிரேக்கே பிடிக்காது. குழாயில் பிசுக்கு தெரிந்த அன்றே பட்டறைக்கு விடுவது நல்லது.

சீலை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆயிலும் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும். கெட்டி ஆயில் ஊற்றினால் வண்டி ஆடாது என்பார்கள். ஓரளவு உண்மைதான்; மிஞ்சினால் குழியின் அடி முழுக்கத் தோளுக்கு வரும்.

பட்டன் டயர் சேற்றில் நன்றாகப் பிடிக்கும். நனைந்த தார்ச் சாலையில் வழுக்கும். சொசைட்டிக்கும் சந்தைக்கும் தார் ரோட்டிலேயே போகிறவருக்குச் சாதா டயர் போதும். வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. பழைய சரக்கைத் தள்ளிவிடும் கடைகளும் உண்டு.

இத்தனை செய்தும் கேனைக் கேரியரின் கடைசியில் தொங்கவிட்டால் முன்சக்கரம் லேசாகித் தடுமாறும். சீட்டை ஒட்டி, முன்னே தள்ளிக் கட்ட வேண்டும்.