லைசென்ஸ் வந்துவிட்டது, வண்டி யார் தருவார்கள்?

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு ஒரு மாலையில் பள்ளி முடிந்து பேருந்துக்காகக் காத்திருந்தேன். பழைய மாணவன் ஒருவன் வந்து வணக்கம் சொன்னான். இருபது வயது முடிந்தவன். பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். சட்டைப் பையிலிருந்து புது ஓட்டுநர் உரிம அட்டையை எடுத்துக் காட்டினான்.

"டிரைவிங் ஸ்கூல் முடிச்சு லைசென்ஸ் வாங்கிட்டேன் சார். ரெண்டு மாசமா அலையறேன். எங்க போனாலும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்கறாங்க. வண்டியே குடுக்கலன்னா எக்ஸ்பீரியன்ஸ் எங்கேருந்து சார் வரும்?"

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னான். "ஒழுங்கா படிக்கலன்னா லாரி ஓட்டத்தான் போவேன்னு நீங்க சொல்வீங்களே சார். அதுவும் சுலபமா கிடைக்கல."

அவன் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. அந்த வாக்கியத்தை எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேனோ தெரியாது. ஆனால் லாரி ஓட்டப் போவது எப்படி என்று அவன் கேட்டபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த சில வாரங்கள் விடுமுறை நாள்களில் அவனுடன் சேர்ந்து விசாரித்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றை நம் ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏரியிலிருந்து சாலைக்கு

எங்கள் ஊர்களில் ‘பாடு’ என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊரார் முறை வைத்துக்கொள்வது அது. முறை வரும் நாளில்தான் அந்தக் குடும்பத்துக்குத் தொழில். முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் கடல்நீர் வரத்து குறையும். மீனும் இறாலும் குறையும். ஒரு வீட்டில் இரண்டு மூன்று ஆண்பிள்ளைகள் இருந்தால் எல்லோரையும் ஒரே படகு தாங்காது. என் மாணவனின் அண்ணன் அப்பாவோடு தொழிலுக்குப் போகிறார். இவனை அப்பாவே, "நீ வேற வேல பாத்துக்கோப்பா" என்று சொல்லிவிட்டார்.

வேறு வேலை என்றதும் பையன்களின் கண்ணில் படுவது சாலைதான். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகம், 2001இல் தொடங்கிய எண்ணூர் காமராஜர் துறைமுகம், வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்கள். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். மீஞ்சூர் பக்கம் போனால் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இவ்வளவு வண்டிகளில் நமக்கு ஒன்று கிடைக்காதா என்று நினைத்துத்தான் பிள்ளைகள் பயிற்சிப் பள்ளியில் பணம் கட்டுகிறார்கள்.

சட்டம் வைத்திருக்கும் படிகள்

முதலில் வயது. மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி 18 வயதில் இலகுரக வாகன உரிமம் பெறலாம். ஆனால் லாரி, வேன் போன்ற போக்குவரத்து வாகனங்களைப் பொது இடத்தில் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். லாரிக்கான பழகுநர் உரிமம் கேட்பவர், அதற்கு முன் குறைந்தது ஓராண்டு இலகுரக உரிமம் வைத்திருக்க வேண்டும். ஆக, இன்று உரிமம் வாங்கியவர் நாளையே கனரக லாரியில் ஏற முடியாது. பயிற்சிப் பள்ளியில் சேரும்போதே இது தெரிந்திருந்தால், என் மாணவன் இரண்டு மாதம் கண்டெய்னர் நிறுவனங்களின் வாசலில் நின்றிருக்க மாட்டான்.

அப்படியானால் அந்த ஓராண்டில் எதை ஓட்டலாம்? சரக்கோடு சேர்த்து மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத வண்டிகளை ஓட்டலாம். இலகுரக உரிமம் வைத்திருப்பவர் இவ்வகைச் சரக்கு வண்டியை ஓட்டத் தனி அனுமதி தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. நாம் ‘குட்டி யானை’ என்று சொல்லும் சிறிய சரக்கு வண்டி இதற்குள் அடங்கும். தனியாக ‘பேட்ஜ்’ வாங்கினால்தான் குட்டி யானையைத் தொடலாம் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள்.

கல்வித் தகுதியைப் பற்றியும் ஒரு செய்தி. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019இல் நீக்கப்பட்டது. அதனால் இந்த வேலைக்குப் படிப்பே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வண்டி

மீஞ்சூரில் ஓட்டுநர்கள் கூடும் ஒரு தேநீர்க் கடையில் மூத்த ஓட்டுநர் ஒருவரிடம் பேசினோம். அவர் சொன்னது: "தம்பி, பெரிய வண்டிக்காரன் ஆபீஸ்ல போய் நிக்காத. உங்க ஊருக்கு தினம் வர்ற வண்டி எதுன்னு பாரு. அவனுக்குத்தான் உன்ன தெரியும், உங்கப்பாவ தெரியும்."

யோசித்தால் அது சரிதான். பல லட்ச ரூபாய் வண்டியை முன்பின் தெரியாதவர் கையில் யாரும் கொடுக்க மாட்டார்கள். பழவேற்காட்டுக்கு ஐஸ் ஏற்றி வரும் வண்டி, மீனும் நண்டும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் சென்னைக்குப் புறப்படும் வண்டி, தண்ணீர் கேன் வண்டி, பொன்னேரி, செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளுக்குப் போகும் வண்டி என்று நம் கண்முன்னே பல இருக்கின்றன. இவற்றின் உரிமையாளர்களுக்கு ஓட்டுநர் விடுப்பு எடுக்கும் நாளில் மாற்று ஆள் தேவை. முதல் வாய்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

பயிற்சிப் பள்ளியில் பழகுவது காரில். சரக்கு வண்டி வேறு. லோடு இருக்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். பின்னால் கண்ணாடி வழியே பார்க்க முடியாது. பக்கக் கண்ணாடிகளை மட்டும் நம்பி ரிவர்ஸ் எடுக்க வேண்டும். என் மாணவன் ஒரு மீன் வண்டியில் இரண்டு வாரம் உடன் சென்றான். லோடு ஏற்றி இறக்க உதவினான், வழி பழகினான், காலி வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பழகினான். மூன்றாம் வாரம் உரிமையாளர் சாவியைக் கொடுத்தார். தினப் பேட்டா எவ்வளவு, டீசலும் அபராதமும் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே பேசிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். கூச்சப்பட்டாலும் பேசிவிட்டான்.

"ராத்திரிதானே, யார் பாக்கப்போறாங்க?"

இதற்கு நடுவில் ஒன்று நடந்தது. ஒருவர் அவனை அணுகி, இரவில் யார்டுக்கும் துறைமுகத்துக்கும் இடையே டிரெய்லர் ஓட்ட வரச் சொன்னார். மீன் வண்டியைவிடப் பேட்டா மிக அதிகம். கனரக உரிமம் இல்லையே என்று இவன் சொன்னதற்கு, "ராத்திரிதானே, யார் பாக்கப்போறாங்க?" என்றாராம். வீட்டில் கடன் இருந்தது. அவன் போகத் தயாராகவே இருந்தான். போவதற்கு முன் என்னிடம் கேட்டதுதான் நல்லதாய்ப் போயிற்று.

பள்ளியில் சொல்வதுபோலவே உட்கார வைத்துச் சொன்னேன். வண்டி வகைக்கு உரிய உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதமோ சிறைத் தண்டனையோ விதிக்கலாம். அது சிறிய விஷயம். விபத்து நடந்தால் ஓட்டியவர் மீது குற்றவழக்கு வரும். காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த தொகையை உரிமையாளரிடமே திருப்பிக் கேட்கலாம். அந்த நேரத்தில் "யார் பாக்கப்போறாங்க" என்று சொன்னவர் பக்கத்தில் நிற்க மாட்டார். அவன் போகவில்லை. அந்த இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்ல முடியாது. அவன் விட்டுக்கொடுத்த பணம் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

பதினெட்டு வயது நிரம்பாத நம் மாணவர்களுக்கு இது இன்னும் கடுமை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அந்தச் சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற முடியாது. ஓட்டுநராக விரும்பும் பிள்ளைக்கு ஏழெட்டு ஆண்டு வாழ்க்கை அப்படியே போய்விடும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள்.

வாசிக்கத் தெரிந்த ஓட்டுநர்

மீன் வண்டியில் சேர்ந்த சில வாரங்களில் அவன் மீண்டும் வந்தான். கையில் ஒரு ஈ-வே பில் இருந்தது. வேறொரு வண்டி ஓட்டுநர் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். "இதுல எந்தத் தேதி சார் முக்கியம்?" என்று கேட்டான். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கணக்கிட்டு அதற்குச் செல்லுபடிக் காலம் தருகிறார்கள். அந்த நேரம் தாண்டினால் வழியில் வண்டி நிற்கும். படிக்கத் தெரியாத ஓட்டுநர் அடுத்தவர் சொல்வதை நம்பித்தான் வண்டி எடுக்க வேண்டும்.

எண்ணூர்ப் பகுதியில் ஓடும் எரிவாயு, பெட்ரோல் டேங்கர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆபத்தான பொருள்களை ஏற்றும் வண்டியை ஓட்ட, கனரக உரிமம் மட்டும் போதாது. அட்டவணையில் உள்ள ஓர் இந்திய மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று நாள் சிறப்புப் பயிற்சிச் சான்றும் வேண்டும். எட்டாம் வகுப்புத் தகுதி போனாலும் வாசிப்பு போகவில்லை என்று நான் சொன்னது இதைத்தான்.

வகுப்பில் நான் செய்து பார்த்தவை

இப்போது என் வகுப்பில் சில சிறு மாற்றங்கள். தொடக்க வகுப்பு ஆசிரியர்களும் இவற்றை எளிமையாக்கிக்கொள்ளலாம்.

கணக்கில்: 650 கிலோமீட்டர் பயணத்துக்கு ஈ-வே பில் எத்தனை நாள் செல்லும்? (4 நாள்.) அளவுக்கு மேல் 3 டன் ஏற்றினால் அபராதம் எவ்வளவு? சட்டப்படி அடிப்படை 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். (26,000 ரூபாய்.)

ஆங்கிலத்தில்: டேங்கரின் பின்னால் உள்ள அபாயத் தகவல் பலகையை வாசித்தல். அதில் 1203 என்றிருந்தால் பெட்ரோல். 1075 என்றிருந்தால் சமையல் எரிவாயு. இப்போது பிள்ளைகள் சாலையில் போகும்போதே எண்ணைப் பார்த்து வந்து சொல்கிறார்கள்.

மேல்வகுப்பு வழிகாட்டுதலில்: பத்தாம் வகுப்பு முடித்து ஓட்டுநராக விரும்பும் பிள்ளைக்கு 20 வயது வரை இடைவெளி இருக்கிறது. அதற்குள் ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு படித்துவிடலாம். வண்டியின் கோளாறு தெரிந்த ஓட்டுநருக்கு எப்போதும் மதிப்பு உண்டு. கனரகப் பயிற்சிக்குச் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் ஓட்டுநர் பயிற்சி மையம் கும்மிடிப்பூண்டியிலேயே இருக்கிறது. வேலையில் சேர்ந்தபின் ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யவும் சொல்லி அனுப்ப வேண்டும்.

என் மாணவன் இன்னும் மீன் வண்டிதான் ஓட்டுகிறான். ஓராண்டு நிறைந்ததும் கனரக உரிமத்துக்கு விண்ணப்பிப்பான். ஞாயிறு மாலைகளில் ஆங்கிலம் வாசிக்க வருகிறான். இப்போது அவனோடு இன்னும் இருவர் வருகிறார்கள். "படிக்காவிட்டால் லாரி ஓட்டத்தான் போவாய்" என்று நான் இப்போது சொல்வதில்லை. லாரி ஓட்டப் போகிறவன் நன்றாகப் படித்திருக்க வேண்டும் என்பதை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான்.