நர்ஸின் மனமா, வார்டின் கணக்கா?

‘பத்தாம் பெட் கல்லீரல்’, ‘பதினைந்தாம் பெட் நிமோனியா’. லண்டனின் போதனா மருத்துவமனை ஒன்றில் நர்ஸ்கள் நோயாளிகளை இப்படிக் குறிப்பிட்டதை உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் பதிவு செய்தார். 1960-இல் வெளியான அவரது ஆய்வு இதை இரக்கமின்மை என்று ஒதுக்கவில்லை. வலியையும் சாவையும் அன்றாடம் அருகில் நின்று பார்ப்பவர்கள் தங்கள் பதற்றத்தைத் தாங்கப் போட்டுக்கொள்ளும் வேலி என்றே கண்டது.

அந்த வேலியையும் மீறி மனம் வற்றுவதுண்டு. அதற்குப் பணிச்சோர்வு என்று பெயர். அதை அளக்கும் வினாத்தாளை அமெரிக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் 1981-இல் வெளியிட்டார்கள். அது பார்ப்பது மூன்று: மனம் களைத்துப்போவது, நோயாளியிடம் விட்டேற்றியாக இருப்பது, ‘என்ன செய்து என்ன பயன்’ என்று தோன்றுவது. 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதை நோயாக அல்லாமல், நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவாக வரையறுத்தது. ஆக, கோளாறை முதலில் தேட வேண்டியது பணியிடத்தில்.

நர்சிங் ஆய்வாளர் லிண்டா ஐக்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளில் அதைத்தான் தேடினார்கள். 2002-இல் வெளியான முடிவு இது: நர்ஸ் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால், அவருக்குப் பணிச்சோர்வு வரும் வாய்ப்பு 23 சதவீதம் கூடுகிறது. அறுவை சிகிச்சை நோயாளி 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது.

வார்டில் நின்று பார்த்தால் காரணம் புரியும். ஒரு நோயாளி கூடினால் இன்னொரு ட்ரிப், இன்னொரு பி.பி., இன்னொரு கேஸ் ஷீட், “சிஸ்டர், டாக்டர் எப்ப வருவாரு?” என்று கேட்கும் இன்னொரு குடும்பம். ஊசியை விட முடியாது. விடுபடுவது ஆறுதல் வார்த்தையும், புண் வராமல் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதும்தான். செய்ய வேண்டியது தெரிந்தும் செய்ய முடியாத அந்த உறுத்தல், டூட்டி முடிந்த பின்னும் கூடவே வீட்டுக்கு வருகிறது. நைட் டூட்டி என்றால் தூக்கமும் போச்சு.

இதற்கு மருந்து உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் 2016-இல், பொது வார்டுகளில் சராசரியாகப் பகலில் 4 நோயாளிகளுக்கும் இரவில் 7 நோயாளிகளுக்கும் ஒரு நர்ஸ் என்று பல அரசு மருத்துவமனைகளில் சட்டப்படி நிர்ணயித்தது. கூடுதல் நர்ஸ்களுக்கு ஆன செலவைப்போல் இரு மடங்குக்கு மேல் மிச்சமானதாக 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பியதும், மறுபடி வந்து படுப்பது குறைந்ததுமே காரணம்.

இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல் போதனா மருத்துவமனையில் 3 நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர். நர்ஸ்களுக்குத் தியான வகுப்பு நடத்த நினைக்கும் நிர்வாகங்கள், இன்றைய டூட்டி லிஸ்டை அந்த அளவுகோலோடு ஒப்பிட்டுவிட்டு நடத்தட்டும்.