எடை கூடினால் குத்தும் கூடுமா?



குண்டா இருக்கிறவங்க குத்தினா வலிக்கும், ஒல்லியா இருக்கிறவங்க குத்தினா வலிக்காது என்று நாம் பேசிக்கொள்வோம். இது பாதி உண்மைதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குத்துச்சண்டையில் யாரையும் யாரோடும் மோத விடமாட்டார்கள். முதலில் எடை பார்ப்பார்கள். 48 கிலோ வரை ஒரு பிரிவு, 51 வரை ஒரு பிரிவு என்று இருக்கும். நம்ம பக்கத்து ஊர்த் திருவிழாக் கபடிக்கு "60 கிலோ எடைப் பிரிவு" என்று நோட்டீஸ் ஒட்டுவார்களே, அது மாதிரிதான். ஒரு வீரர் ஒரு பிரிவை விட்டு வேறு பிரிவுக்குப் போனால் அவர் குத்து என்ன ஆகும்?

குத்து எங்கிருந்து வருகிறது?

கையில் இருந்து என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் அது காலில் தொடங்குகிறது. கால் தரையை உதைக்கும், இடுப்பு திரும்பும், தோள் தள்ளும், கடைசியில்தான் முஷ்டி போய் இறங்கும். அதனால் உடம்பின் எடையும் வேணும், வேகமும் வேணும்.

சீமைக்கருவேலம் வெட்டுகிறவர்களைப் பாருங்கள். சின்னக் கோடாரி லேசா இருக்கும், ஆனால் ஆழமா இறங்காது. ரொம்பக் கனமான கோடாரி என்றால் ஓங்கவே நேரமாகும், வெட்டும் மெதுவா விழும். தன் கைக்கு ஏற்ற கோடாரிதான் நல்லா வெட்டும்.

மேரி கோம் ஏறிய 3 கிலோ

மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் 46 கிலோ பிரிவிலும், 2010இல் 48 கிலோ பிரிவிலும் உலகப் பட்டம் வென்றவர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் குத்துச்சண்டையை முதன்முதலாகச் சேர்த்தார்கள். ஆனால் 51, 60, 75 கிலோ என்று மூன்றே பிரிவுகள். மேரி கோம் 51க்கு ஏறியே ஆக வேண்டும்.

48இல் இருந்து 51 என்றால் நூற்றுக்கு ஆறே கால் பங்கு கூடுதல். இதை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். குத்தில் முழு உடம்பின் எடையும் வந்து சேராது, இது ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். இயக்க ஆற்றல் என்பது நிறையின் பாதியை வேகத்தாலும், மறுபடி வேகத்தாலும் பெருக்கி வருவது.

வேகம் குறையாவிட்டால்: ஆற்றல் 100இல் இருந்து 106 ஆகும்.
வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால்: ஆற்றல் 86 ஆகிவிடும்!

எடை ஏறியும் குத்து இறங்கிவிட்டது, பார்த்தீர்களா? வேகத்தை இரண்டு தடவை பெருக்குவதால் வந்த வினை இது. ஏறிய எடை தசையாக இருந்தால் அது தள்ளும். கொழுப்பாக இருந்தால் சும்மா கூட வரும். இடுப்பில் தண்ணிக்குடத்தோடு ஓடினால் நம் எடை கூடும், வேகம் கூடுமா?

லண்டனில் மேரி கோம் முதலில் போலந்தின் கரோலினா மிக்கால்சுக்கை 19-14 என்று வென்றார். அந்தக் கரோலினா 2008இல் 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் பெற்று, பிறகு கீழே இறங்கி வந்தவர். ஏறி வந்தவர் இறங்கி வந்தவரை ஜெயித்தார்! அரையிறுதியில் இங்கிலாந்தின் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்று வெண்கலம் பெற்றார். நிக்கோலா அவரைவிட உயரம்.

எதிராளியும் கனம்

மேலே ஏறினால் எதிரில் நிற்கிறவரும் கனமாக இருப்பார். அரை மூட்டைக் கரியைக் குத்தினால் ஆடும். முழு மூட்டையைக் குத்தினால் அசையாது, கைதான் வலிக்கும். குத்து அதேதான், மூட்டைதான் வேற.

பிலிப்பைன்ஸ் நாட்டு மேனி பாக்கியாவோ 1998இல் சுமார் 51 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். படிப்படியாக ஏறி 2010இல் சுமார் 70 கிலோ பிரிவு வரை, மொத்தம் எட்டுப் பிரிவுகளில் பட்டம் பெற்றார். ஆனால் 2009 நவம்பருக்குப் பிறகு, எதிராளியால் தொடர முடியாமல் போய் ஆட்டம் பாதியில் நிற்கும் வெற்றி அவருக்கு 2018 வரை கிடைக்கவில்லை. புள்ளிகளில்தான் ஜெயித்தார். அவர் மேலே ஏற 12 வருடம் ஆனது என்பதையும் கவனியுங்கள்.

இறங்கினால் என்ன ஆகும்?

இதுதான் முக்கியம். மாதக்கணக்கில் கொழுப்பைக் குறைத்து இறங்கினால் குத்து பெரிதாகக் கெடாது. ஆனால் பல பேர் கடைசி இரண்டு நாளில் பட்டினி கிடந்து, தண்ணி குடிக்காமல், வேர்க்க வேர்க்க ஓடி எடையைக் குறைக்கிறார்கள். அதில் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். தசையில் முக்கால் பங்கு தண்ணீர். ரத்தத்தில் தண்ணீர் குறைந்தால் இதயம் வேகமா அடிக்கும், உடம்புச் சூடு தணியாது. முதல் குத்து நல்லா விழலாம். மூன்றாவது சுற்றில் கையே எழும்பாது. பங்குனி வெயிலில் பருத்தி எடுக்கிறவர்கள் தண்ணி குடிக்காவிட்டால் பதினோரு மணிக்கே ஓய்ந்துபோவது இதனால்தான்.

நிகத் ஜரீன் 2022இல் 52 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அந்தப் பிரிவு இல்லை. 50க்கு இறங்கினார். சீனாவின் வூ யுவிடம் தோற்ற பிறகு, எடைக்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்று சொன்னார். அதனால் மட்டுமே தோற்றார் என்று சொல்ல முடியாது. வூ யுவும் 52இல் இருந்து இறங்கியவர்தான், தங்கமும் அவருக்குத்தான். ஆனாலும் வெறும் வயிற்றோடு உலகப் பட்டக்காரரே கஷ்டப்பட்டார் என்றால் நாம் எம்மாத்திரம்?

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் போன வருடம் கபடிக்கு எடை குறைக்க இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் இருந்தார். எடை சரியாக வந்தது. இரண்டாவது பாதியில் கால் பின்னி உட்கார்ந்துவிட்டார். கபடிக்காரர்கள் மட்டும் இல்லை, நம் வகுப்புப் பெண்களிலேயே சிலர் குண்டாயிருவோம் என்று சத்துணவுச் சோற்றைக் கொட்டுகிறார்கள். வளர்கிற வயசில் குறைவது கொழுப்பு மட்டும் இல்லை தோழிகளே, தசையும் ரத்தமும்தான்.

குறுவட்டப் போட்டி வரப்போகிறது. எடை குறைக்கணும் என்றால் இப்போதே விளையாட்டு ஆசிரியரிடம் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். கூட்டணும் என்றால் கம்பங்கூழ், நிலக்கடலை, முட்டை, முருங்கைக்கீரை சாப்பிட்டு, ஓடி ஆடிக் கூட்டுவோம். தண்ணியை மட்டும் ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். தராசு காட்டுவது கிலோவை மட்டும்தான். அதில் தசை எவ்வளவு, தண்ணி எவ்வளவு என்று அது சொல்லாது. நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.



- ஒன்பதாம் வகுப்பு மாணவி