இணையப் பரீட்சையில் விடைகளின் வரலாறு

2020 மார்ச்சில் கொவிட் தொற்றினால் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டு, பேராதனை மாணவர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பியபோது, பாடங்களோடு பல பரீட்சைகளும் இணையவழிக்கு மாறின. பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பின் ஏற்பாட்டில் மாணவர்கள் கற்றல் முகாமைத்துவத் தளங்களைத் தரவுக் கட்டணமின்றி அணுக முடிந்தது. ஆயினும் கட்டணம் நீங்கியதால் மட்டும் ஹேவாஹெட்ட, கலஹா, புசல்லாவைத் தோட்டப்புறங்களில் சிக்னல் சீராகிவிடவில்லை.

இத்தகைய தளங்களுள் பரவலாகப் பயன்படும் மூடில், அவுஸ்திரேலியரான மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி 2002இல் முதற்பதிப்பாக வெளியிட்ட கட்டற்ற மென்பொருளாகும். மாணவர் ஒருவர் வினாத்தாளை ஒருமுறை திறந்து விடையளிப்பதை அது ‘முயற்சி’ எனப் பதிவுசெய்து, அம்முயற்சி எப்போது தொடங்கியது, எந்த விடை எத்தனை மணிக்குச் சேமிக்கப்பட்டது, பின்னர் அது மாற்றப்பட்டதா என்பவற்றை நேரவரிசையில் வைத்திருக்கின்றது. தன்னியக்கச் சேமிப்பு இயங்குமாயின், தொடர்பு அறுந்தாலும் அதற்குச் சற்று முன்வரை எழுதியவை வழங்கியில் எஞ்சியிருக்கும்.

எனினும் எஞ்சியவற்றுக்குப் புள்ளி கிடைக்குமா என்பது விரிவுரையாளர் முன்கூட்டியே செய்யும் ஒரு தெரிவில் தங்கியுள்ளது. நேரம் முடிந்ததும் சேமித்த விடைகள் தாமாகவே சமர்ப்பிக்கப்படுமாறும், சமர்ப்பிப்பதற்கு மட்டும் சிறிது அவகாசம் கிடைக்குமாறும், உரிய நேரத்தில் சமர்ப்பிக்காத முயற்சி கணக்கில் கொள்ளப்படாதவாறும் அமைக்க இடமுண்டு. மூன்றாவதைத் தெரிவுசெய்தால், வினாத்தாள் முழுவதற்கும் விடையெழுதிவிட்டு இறுதி நிமிடத்தில் மின்வெட்டில் சிக்கியவரும் எழுதாதவராகவே கருதப்படுவார். மின்வெட்டு நாளொன்றுக்குப் பல மணி நேரம் நீடித்த 2022ஆம் ஆண்டை அறிந்த நாட்டில் அத்தெரிவு நியாயமானதன்று. பாதிக்கப்பட்டவருக்கு மட்டும் மேலதிக நேரமோ மற்றொரு முயற்சியோ வழங்கும் வசதி இருப்பதால், முறைப்பாடு வந்தவுடன் மறுத்துவிடாமல் முயற்சியின் பதிவைத் திறந்து பார்ப்பது விரிவுரையாளரின் கடமையாகும்.

பதிவுகளை ஒருசேர நோக்கும்போது வினாக்களின் குறைகளும் வெளிப்படுகின்றன. ஒரு வினாவுக்கு மாணவர்கள் பெற்ற சராசரிப் புள்ளியின் வீதத்தைக் காட்டுவது இலகுச் சுட்டி. ஏனைய வினாக்களில் சிறந்து விளங்கியவர்களே இவ்வினாவிலும் சிறந்தனரா என்பதைக் காட்டுவது பிரித்தறி சுட்டி. பின்னது மறைப் பெறுமானமாக, அதாவது பூச்சியத்துக்குக் கீழே, அமைந்தால் திறமையானவர்கள் தவறவிட்ட வினாவில் பின்தங்கியவர்கள் புள்ளி பெற்றுள்ளனர் என்பது பொருள். பல்தேர்வு வினாவில் இது பெரும்பாலும் மாணவரின் பிழையன்று. ‘ஆ’ என்பது சரியான விடையாயிருக்க ‘இ’ என்று குறித்துவிட்ட விரிவுரையாளரின் பிழையாகவோ, இரு பொருள்படும் வினாவாகவோ இருத்தல் கூடும். கடதாசி விடைத்தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்திய காலத்தில் எளிதில் கண்ணிற்படாத இக்குறை இங்கே ஒரே அட்டவணையில் தெரிந்துவிடுவது மிகப் பெரிய பேறாகும்.

பிழையான விடைக்குறியைத் திருத்தியபின் எல்லா முயற்சிகளையும் மறுமதிப்பீடு செய்யலாம்; அதற்கு முன், புள்ளிகளை மாற்றாமலே யார் யாருடைய புள்ளி எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று காட்டும் வெள்ளோட்டமும் உண்டு. புள்ளி குறையவிருப்போருக்குக் காரணத்தை முதலிலேயே அறிவித்துவிட்டு மறுமதிப்பீட்டைச் செய்வதே முறையாகும்.